ஓடினைக் கேட்டேன், டீரின் எழுத்து வந்தது: ரூன் போட்டுப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

வெண்பனி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சுவீடனின் உப்சாலாவில் படிக்கிறேன். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

நார்டிக் தெய்வங்களில் எனக்கு ஓடின் மேல்தான் பிடிப்பு. கதை படித்த பிடிப்பு இல்லை, வழிபடுகிற பிடிப்பு. புதன்கிழமை அவருக்குரிய நாள் என்பதால் அன்று ஒரு கிண்ணத்தில் தேன்மது ஊற்றி வைப்பேன், ஹாவமாலில் (ஓடின் சொல்வதாக அமைந்த பழைய பாடல்) நாலு செய்யுள் வாய்விட்டு வாசிப்பேன். இனி அவரையே என் தெய்வமாக வரித்துக்கொண்டு உறுதிமொழி எடுக்கலாமா என்று கேட்டு ரூன் (வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகள்) எடுத்தேன். மூத்த ஃபுதார்க் என்ற பழைய ரூன் வரிசை, 24 எழுத்து, மரச்சில்லுகள். பைக்குள் கைவிட்டு மூன்று எடுத்தேன்.

வந்தவை: ஈசாஸ் (பனிக்கட்டி), நௌதிஸ் (நெருக்கடி), டிவாஸ் (டீர் தெய்வத்தின் எழுத்து). கடைசியாக வந்த டிவாஸ் தலைகீழாக இருந்தது.

பனிக்கட்டி என்றால் "வேண்டாம்" என்று அர்த்தமா? ஓடினைக் கேட்ட இடத்தில் டீர் ஏன் வந்தார், அவர் என்னை அழைக்கிறாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிலாமகள்_ஃப்ரெய்யா

வாங்க வெண்பனி. எனக்கு இது பளிச்சென்று தெரிகிற பதில். ஈசாஸ், நில் என்கிறது. நௌதிஸ், உனக்கு உண்மையில் என்ன தேவை என்று பார் என்கிறது. அப்புறம் டீர் வந்து நிற்கிறார். நீங்கள் கேட்ட கதவு ஒன்று, திறந்த கதவு இன்னொன்று. எனக்கு ஃப்ரெய்யாவும் இப்படித்தான் வந்தாள், நான் அவளைத் தேடிப் போகவில்லை. தலைகீழாக வந்ததற்குக் காரணம் நீங்கள் அவரை இன்னும் கண்டுகொள்ளாமல் இருப்பது. ஒரு செவ்வாய்க்கிழமை டீருக்கு என்று தனியாக ஏதாவது வைத்துவிட்டு, ஒற்றை எழுத்து மட்டும் எடுத்துப் பாருங்கள்.

கணக்குப்புலி

நம்பிக்கையில் தலையிடவில்லை, கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 24-ல் 3 எடுத்தால் டிவாஸ் அதில் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அதிசயம் என்று சொல்லும் அளவுக்கு அரிது இல்லை.

அதைவிட முக்கியம் இது. அன்சுஸ் வந்திருந்தால் ஓடின் என்போம். துரிசாஸ் வந்தால் தோர், இங்வாஸ் வந்தால் ஃப்ரெய்ர், லகுஸ் வந்தால் நியோர்ட், பெர்கானோ வந்தால் ஃப்ரிக். இன்றைய கையேடுகள் ஏதோ ஒரு தெய்வத்தோடு முடிச்சுப் போடும் எழுத்துகள் எட்டுதான் என்று குறைத்தே வைத்தாலும், மூன்று எடுக்கையில் அவற்றில் ஒன்றாவது வர 72 சதவீதம் வாய்ப்பு. அதாவது யார் எப்போது கை விட்டாலும் பெரும்பாலும் ஒரு தெய்வம் "அழைக்கும்". அவர் நீங்கள் கேட்டவராக இருப்பதுதான் அபூர்வம்.

வெண்பனி

கணக்கு புரிகிறது. ஆனால் எந்தக் குறிக்கும் இதைச் சொல்லலாமே. வாய்ப்பு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, வந்ததை எப்படி வாசிப்பது என்றுதான் கேட்டேன்.

கல்லெழுத்து

வெண்பனி, வாசிப்பதற்கு முன்னால் இதில் எது பழையது, எது நேற்று வந்தது என்று பிரித்துக்கொள்வோம். பிறகு உங்கள் இஷ்டம்.

24 எழுத்து வரிசை உண்மையிலேயே பழையது. கோட்லாந்து தீவின் கில்வர் கல்லில், சுமார் கி.பி. 400-ல், வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த 24-க்கும் பொருள் சொல்லும் பழைய நூல் ஒன்றுகூட இல்லை. இருப்பவை மூன்று ரூன் பாடல்கள். ஆங்கிலோ-சாக்சன் பாடல் 29 எழுத்துக்கு. அதன் கைப்பிரதி 1731-ல் தீயில் போனது, 1705-லேயே அச்சில் வந்துவிட்டதால் பாடல் பிழைத்தது. நார்வே பாடல் 13-ஆம் நூற்றாண்டு, 16 எழுத்துக்கு. ஐஸ்லாந்துப் பாடலும் 16-க்குத்தான், அது இன்னும் பிந்தையது. மூன்றையும் வைத்துப் பின்னோக்கிப் போய் மொழியறிஞர்கள் மீட்டெடுத்த பெயர்கள்தான் நீங்கள் எழுதிய ஈசாஸ், நௌதிஸ், டிவாஸ் எல்லாம்.

தலைகீழுக்குத் தனிப் பொருள் சொல்வது இக்காலத்துப் பழக்கம். சீட்டுக்கட்டு ஜோசியத்தில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் மூன்றில் இரண்டுக்குத் தலைகீழே கிடையாது என்பதையும் பாருங்கள். ஈசாஸ் ஒற்றைக் கோடு, நௌதிஸ் ஒரு கோட்டைச் சாய்வாக வெட்டும் இன்னொரு கோடு; எப்படித் திருப்பினாலும் அதேதான். உங்கள் பையில் எழுத்தே இல்லாத வெற்றுச் சில்லு ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வெளியே வையுங்கள். அது 1982-ல் ரால்ஃப் ப்ளம் என்பவர் எழுதிய புத்தகத்தோடு பரவியது.

இனி மூன்று எழுத்துக்கும் பாடல்கள் சொல்வது. பனிக்கட்டி: நார்வே பாடல் அதை அகலமான பாலம் என்கிறது, குருடனைக் கைப்பிடித்து நடத்த வேண்டும் என்று அடுத்த அடி. ஆங்கிலப் பாடலில் அளவில்லாமல் வழுக்கும், கண்ணாடியாய் மின்னும். எங்கேயும் "வேண்டாம்" இல்லை. கடக்கலாம், பார்த்துக் கட. நெருக்கடி: நெஞ்சை இறுக்கும், ஆனாலும் வேளையோடு செவிகொடுத்தால் அதுவே உதவியாகும் என்கிறது ஆங்கிலப் பாடல். நார்வே பாடல் அவ்வளவு கருணை காட்டாது. அம்மணமாய் நிற்பவனுக்குப் பனியில் குளிரும், அவ்வளவுதான். டீர்: ஐஸ்லாந்துப் பாடலில் ஒற்றைக்கைத் தெய்வம், ஓநாய் தின்று வைத்த மிச்சம், கோயில்களின் தலைவன். ஆங்கிலப் பாடலில் இரவு மூடுபனிக்கு மேலே தடம் மாறாமல் செல்லும் குறி, ஒருபோதும் ஏமாற்றாது.

நீங்கள் கேட்டது உறுதிமொழி பற்றி. வந்தது, சொன்ன சொல்லுக்குப் பிணையாக ஃபென்ரிர் ஓநாயின் வாயில் கையை வைத்து, அந்தக் கையை இழந்த தெய்வத்தின் எழுத்து. டீர் உங்களை அழைக்கிறார் என்று வாசிப்பதைவிட, "உறுதிமொழி என்றால் என்ன விலை என்று தெரியுமா" என்று வாசிப்பது கேள்விக்கு நெருக்கமாக இருக்கிறது. எழுத்து வந்தது என்றால் அந்தத் தெய்வமே வந்துவிட்டது என்று எந்தப் பழைய கதையிலும் நான் படித்ததில்லை.

ஒஸ்லோப்பெடியன்

கல்லெழுத்து அண்ணை சொன்னதோட இன்னொண்டு. நான் ஒஸ்லோவில வளர்ந்தவன். இஞ்ச பள்ளிக்கூடத்தில ரூன் எண்டால் சாமி விசயமா சொல்லித் தாறதில்லை, எழுத்து எண்டுதான் சொல்லித் தருவினம். பேர்கன் துறைமுகத்தில பிரிக்கன் எண்டு பழைய மரக்கட்டடப் பகுதி, அதில ஒரு பங்கு 1955 இல எரிஞ்சது. பிறகு தோண்டேக்க ரூன் வெட்டின துண்டுகள் 600க்கு மேல வந்தது. சரக்கு ஆற்ற எண்டு பேர் கட்டின சீட்டு, காதல் கடிதம், கள்ளுக்கடையில இருக்கிறவனுக்கு "கிய்தா வீட்ட வரச் சொல்லுறா" எண்டு ஒரு துண்டு. சனம் நாளாந்தம் பாவிச்ச எழுத்து. ஆனபடியால் ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் ரகசியம் தேடத் தேவையில்லை.

மற்றது தங்கச்சி, இது கொஞ்சம் முக்கியம். டீர் உம்மை அழைக்கிறார் எண்டு நம்பி அந்த எழுத்தைச் சங்கிலியில கோத்துக் கழுத்தில போட்டிடாதேயும். சுவீடனில நவநாசிக் கும்பல் ஒண்டு, நோர்டிக் எதிர்ப்பு இயக்கம் எண்டு, அவங்கட கொடியில இருக்கிறது அதே எழுத்துத்தான். எங்கட தோல் நிறத்தோட அதைப் போட்டுக்கொண்டு உப்சாலா பஸ்ஸில ஏறினால் பாக்கிற சனத்துக்கே குழம்பிப் போகும். ஓதலா எழுத்தும் அப்பிடித்தான், ஹிட்லரின்ர எஸ்எஸ் படைப்பிரிவு ஒண்டு பாவிச்சது. வீட்டுக்குள்ள சில்லில இருக்கட்டும், பிரச்சினையில்லை.

வெண்பனி

அய்யோ, அது தெரியாது அண்ணா. நன்றி. பதக்கம் ஒன்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன், இனி வாங்கப் போவதில்லை.

பக்கத்து_இலை

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கல்யாணம் பேசும்போது வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் கட்டிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பூக்கட்டிப் பார்ப்பது என்போம். அங்கே "இந்த வரன் ஆகுமா ஆகாதா" என்று கேட்பார்களே தவிர, "அம்மா, நான் உன்னைக் கும்பிடட்டுமா, இல்லை முருகனைக் கும்பிடட்டுமா" என்று யாரும் பூக்கட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. நார்டிக்காரர்கள் அப்படிக் கேட்டார்களா?

கல்லெழுத்து

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஏறக்குறைய அங்கேயும் அதே கதைதான்.

ஐஸ்லாந்தில் குடியேறியவர்களின் கதைகளைப் பாருங்கள். மோஸ்டர் தீவுத் தோரோல்ஃப், தோரின் பக்தன். அரசனோடு பகை வந்ததும் பெரிய பலி கொடுத்து, தன் அன்பு நண்பன் தோரிடம் கேட்கிறான்: அரசனோடு சமாதானம் ஆவதா, நாட்டை விட்டுப் போவதா? ஐஸ்லாந்து போ என்று பதில் வருகிறது. எப்படிக் கேட்டான், சில்லு போட்டானா என்று கதை சொல்வதில்லை. ஆனால் தோரா ஓடினா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தோர் ஏற்கெனவே அவன் ஆள்.

மெலிந்த ஹெல்கி இன்னும் ருசியான ஆசாமி. கிறிஸ்துவை நம்புகிறவன், கடலில் இறங்கினாலும் இக்கட்டு வந்தாலும் மட்டும் தோரைக் கூப்பிடுவான். ஐஸ்லாந்து கண்ணில் பட்டதும் எங்கே கரையேறலாம் என்று தோரைக் கேட்டான், வடக்கே போ என்று வந்தது. கோடை முடிகிற நேரம், கப்பலில் எல்லோருக்கும் அலுப்பு. மகன் ஹ்ரோல்ஃப் கேட்டானாம்: தோர் வட கடலின் பனிக்குள் போகச் சொன்னால் அதற்கும் போவீர்களா அப்பா? என்னைக் கேட்டால் குறி பார்ப்பதைப் பற்றி அந்த இலக்கியத்திலேயே மிகச் சிறந்த கேள்வி இதுதான். கடைசியில் எய்யாஃபியோர்ட் போய் இறங்கி, வீட்டுக்குக் கிறிஸ்ட்னெஸ் என்று பேர் வைத்தான்.

எந்தத் தெய்வம் என்று சீட்டுப் போட்டுப் பார்த்ததும் உண்டு, மறைக்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் ரிம்பெர்ட் எழுதிய, சுவீடனுக்குப் போன கிறிஸ்தவப் போதகர் அன்ஸ்காரின் வரலாற்றில் வருகிறது. சுவீடனில் ஒரு பெரிய மனிதரின் மகன், கிறிஸ்தவ ஆயரின் வீட்டைக் கொள்ளையடித்ததில் பங்கெடுத்தவன். அதன் பிறகு வீட்டில் சாவும் நாசமும். எந்தத் தெய்வத்தின் கோபம் என்று தகப்பன் குறிசொல்பவனிடம் போனார். சீட்டுப் போட்டுப் பார்த்தவன், உங்கள் தெய்வங்கள் எல்லாம் சாந்தமாகவே இருக்கின்றன, கிறிஸ்தவர்களின் கடவுள்தான் கோபமாக இருக்கிறார், அவருடைய பொருள் ஏதோ உங்கள் வீட்டில் இருக்கிறது என்றான். தேடினால், மகன் கொள்ளையில் கொண்டுவந்த புத்தகம் ஒன்று! எழுதியவர் கிறிஸ்தவப் பாதிரியார், அவருக்கு வசதியாகத்தான் கதை முடியும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் கேள்வி "யாரை வரிக்கட்டும்" என்பதில்லை. வீடு பற்றி எரிகிறது, யாரிடம் பொல்லாப்பு என்று தெரிய வேண்டும்.

நிலாமகள்_ஃப்ரெய்யா

எல்லாவற்றுக்கும் நூல் ஆதாரம் கேட்டால் யாரும் ஒரு விளக்குகூட ஏற்ற முடியாது சார். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000-ஆம் ஆண்டு வாக்கில். பழைய தெய்வங்களை மறுபடி வழிபட அங்கே ஆசாத்ரூ சங்கம் தொடங்கியது 1972, அரசு அங்கீகாரம் 1973. நடுவில் அறுந்துபோன கயிற்றை எப்படி முடிச்சுப் போடுவது? கொஞ்சம் நூல், கொஞ்சம் நம் உள்ளுணர்வு. அன்றைக்கு ஒருவன் தோரின் குடும்பத்தில் பிறந்தான், தெய்வம் கூடவே வந்தது. நமக்கு அப்படி இல்லை, தேர்ந்தெடுத்தாக வேண்டும். புதுத் தேவைக்குப் புதுக் கேள்வி. இதில் என்ன தவறு?

கல்லெழுத்து

தவறு என்று எங்கேயும் சொல்லவில்லை அம்மா. குடும்பத்தோடு வந்த தெய்வம் என்ற உங்கள் வாதம் வலுவானது. மூன்று எழுத்து எடுத்துப் பாருங்கள், உள்ளே என்ன ஓடுகிறது என்று அது காட்டும். ஆனால் கேட்பது ஓடினை என்பதால் மட்டும் ஒரு கதை சொல்லி வைக்கிறேன்.

விகார் என்று ஒரு அரசன், ஓடினுக்கு வேண்டியவன். கப்பல்கள் காற்றில்லாமல் நின்றுவிட்டன. காற்றுக்காகச் சில்லு போட்டார்கள். ஓடினுக்குப் படையில் ஒருவனைத் தூக்கில் தொங்கவிட்டுப் பலி கொடுக்க வேண்டும், யார் என்று சீட்டு எடுங்கள் என்று வந்தது. எடுத்தார்கள், அரசன் பேரே வந்தது. எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். மறுநாள் அரசனின் வீரன் ஸ்டார்காட் ஒரு வழி சொன்னான்: நடிப்புக்குச் செய்வோம். கன்றுக்குட்டியின் குடலைக் கழுத்தில் சுருக்காகப் போட்டு, மெல்லிய கிளையில் கட்டி, நாணலால் குத்துவது போல் தொட்டு, "உன்னை ஓடினுக்குக் கொடுக்கிறேன்" என்றான். நாணல் ஈட்டியானது, குடல் முறுக்குக் கொடியானது, கிளை விண்ணென்று மேலே எழும்பியது. அரசன் போய்ச் சேர்ந்தான். அந்த நாணலை ஸ்டார்காடிடம் முந்தின இரவே கொடுத்து வைத்தது மாறுவேடத்தில் இருந்த ஓடின்.

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தையையும் நிஜமாக எடுத்துக்கொள்ளும் தெய்வம். உறுதிமொழி எடுக்க நினைக்கும் ஒருவருக்கு ஈசாஸும் நௌதிஸும் வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இதைத்தான் சொல்ல வந்தேன்.

மட்டுறுத்துநர்

லோகியை வழிபடலாமா என்ற சண்டை தனி இழைக்கு மாற்றப்பட்டது. இங்கே வெண்பனியின் கேள்வியோடு நில்லுங்கள்.

வெண்பனி

விகார் கதை தெரியும், ஆனால் அது சில்லு போட்டதில் தொடங்கியது என்பதை இவ்வளவு நாள் கவனிக்கவே இல்லை. சரி, நேராகவே கேட்கிறேன். மறுபடி எடுப்பதாக இருந்தால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

கல்லெழுத்து

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-ல் ஜெர்மானியர் சீட்டுப் போடும் முறையை விவரித்திருக்கிறார். கிடைத்ததில் விரிவான விவரம் அதுதான். காய் கனி தரும் மரத்தில் ஒரு கிளை, துண்டு துண்டாக நறுக்கி, அடையாளக் கீறல் போட்டு (அவை ரூன்தான் என்று அவர் சொல்லவில்லை, காலமும் கொஞ்சம் முந்தியது), வெள்ளைத் துணி மேல் கலைத்து வீசுவார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், தெய்வத்தை வேண்டி வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்று எடுப்பார். இதற்கு அடுத்ததைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தடை என்று வந்தால் அன்றைக்கு அதே விஷயத்தை மறுபடி கேட்கக் கூடாது. சரி என்று வந்தாலும் போதாது. பறவை, குதிரை என்று வேறொரு சகுனமும் அதை உறுதி செய்ய வேண்டும். அதாவது "ஆம்" என்ற பதிலைத்தான் அவர்கள் அதிகம் சந்தேகித்தார்கள்.

எனவே: ஆம், இல்லை என்று முடியும் கேள்வி. உங்களால் செய்யக்கூடிய ஒரு செயலைப் பற்றிய கேள்வி. ஒரு நாளைக்கு ஒரு தரம். ஹாவமாலில் ஓடின் தன்னைப் பலிகொடுத்து ரூன்களை எடுத்த பகுதி முடிந்த கையோடு ஒரு செய்யுள் வரும், நீங்களே புதன்கிழமை வாசித்திருப்பீர்கள்: அளவுக்கு மீறிப் பலி கொடுப்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல், கொடுக்கிற எதுவும் பதிலை எதிர்பார்க்கும். அடிக்கடி பையைக் குலுக்குகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன்.

நிலாமகள்_ஃப்ரெய்யா

ஒரு நாளைக்கு ஒரு தரம் என்பது எனக்கும் சம்மதம். பிடித்த பதில் வரும்வரை எடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆம்/இல்லை மட்டும்தான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதைத் தனி இழையில் பேசலாம்.

கணக்குப்புலி

நம்பாதவன் ஒரு யோசனை சொன்னால் ஏற்பீர்களா? எடுப்பதற்கு முன்பே எந்த எழுத்து வந்தால் ஆம், எது வந்தால் இல்லை என்று தாளில் எழுதி மடித்து வையுங்கள். இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து. அப்புறம் பனிக்கட்டியைப் பாலமாகவும் சுவராகவும் மாற்றி மாற்றி வாசிக்க முடியாது.

வெண்பனி

இது பிடித்திருக்கிறது, நம்பாதவர் சொன்னாலும்! எழுதிவிட்டேன். கேள்வி: இந்தக் குளிர்காலத்தில் உறுதிமொழி எடுக்கலாமா? இல்லை என்றால் புதன்கிழமைக் கிண்ணம் இப்போது போலவே நடக்கும், அடுத்த குளிர்காலம் வரை மறுபடி கேட்க மாட்டேன். ஓடினா டீரா என்று கேட்கப் போவதில்லை. டீர் கூப்பிடுகிறார் என்றால் எழுத்து இல்லாமலும் கூப்பிடட்டும்.

சில்லுகளைக் கடையில் வாங்கியிருந்தேன், எந்த மரம் என்றே தெரியாது. டாசிட்டஸ் சொன்ன மாதிரி நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். இங்கே காட்டில் ஹேசல் மரம் நிறைய. ஒரு கிளை வெட்டலாமா?

ஒஸ்லோப்பெடியன்

வெட்டாதேயும் தங்கச்சி! சுவீடனில யாரும் காட்டில நடக்கலாம், பெரிப்பழம் பிடுங்கலாம், காளான் எடுக்கலாம். ஆனால் உயிருள்ள மரத்தில கிளை முறிக்கச் சட்டம் விடாது, காணிக்காரரிட்டக் கேக்க வேணும். நிலத்தில காய்ஞ்சு கிடக்கிற சுள்ளி எடுக்கலாம்.

வெண்பனி

நான் குடியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரம் இருக்கிறது, வீட்டுக்காரம்மா குளிர்காலக் கடைசியில் ஆள் விட்டுக் கவாத்து செய்வார். வெட்டிப் போடும் கிளையில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எதற்கு என்று கேட்டால்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.